மூன்றேகால் மணிக் கதிரைகள்

விஞ்ஞான மாநாடு ஒன்று முடிந்து ஒரு கிழமைக்குள் ஒரு வரி எழுதப்பட்டுவிடும்: "இத்தனை நிறுவனங்களைச் சேர்ந்த இத்தனை பேர் பங்குபற்றினர்." பத்திரிகைச் செய்தியில் அது இருக்கும், ஆண்டறிக்கையில் இருக்கும், அடுத்த வருடத்துக்கு அனுசரணை கேட்டு எழுதும் கடிதத்தின் இரண்டாம் பந்தியிலும் இருக்கும். அந்த வரி எனக்கு நெடுநாளாகச் செரிக்கவில்லை. அதைப் பொய் என்று சொல்ல முடியாது. கேட்டால் காட்டுவதற்குத் தாள் இருக்கிறது. அந்தத் தாள் எந்தக் கேள்விக்கு விடை சொல்கிறது என்பதில்தான் என் மனம் ஒப்பவில்லை. கொழும்பில் நடக்கும் தேசிய மாநாடானாலும், யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பல்கலைக்கழகத்தின் கைலாசபதி கலையரங்கில் விளக்கேற்றித் தொடங்கும் மாநாடானாலும் அந்த எண் உருவாகும் விதம் ஏறத்தாழ ஒன்றுதான்.

அது எப்படி உருவாகிறது என்பதை ஒரு கற்பனைக் கணக்கில் பார்ப்போம். 60 ஆய்வுச் சுருக்கங்கள் ஏற்கப்பட்டன என்று வையுங்கள். ஒன்றுக்குச் சராசரி நான்கு ஆசிரியர்கள், ஆக 240 பெயர்கள். ஒரே மேற்பார்வையாளர் ஐந்தாறு சுருக்கங்களில் வருவார் என்பதால் தனிப்பெயர்கள் 170 என்று கொள்வோம். மேடையேற வேண்டியவர்கள் 60 பேர், வந்தவர்கள் 55. கூட்டு ஆசிரியர்களில் நேரில் வந்தவர்கள் 25. அழைக்கப்பட்ட விருந்தினர் 50, ஏற்பாட்டுக் குழு 30, வரவேற்கவும் ஒலிவாங்கி கொடுக்கவும் நிற்கும் மாணவத் தொண்டர்கள் 40. கட்டுரை எதுவும் இல்லாமல் கேட்க மட்டும் வந்தவர்கள் 20. கட்டடத்துக்குள் உடலோடு இருந்தவர்களைக் கூட்டினால் 220. அறிக்கை எழுதுபவர் சுருக்கப் புத்தகத்தின் ஆசிரியர் சுட்டியிலிருந்து 170ஐ எடுத்து, விருந்தினர், குழு, தொண்டர், கேட்க வந்தவர் எல்லோரையும் சேர்த்து 310 என்று எழுதுவார். யாரும் திட்டமிட்டு ஏமாற்றவில்லை. கைக்கு எட்டிய தாளில் இருந்ததைக் கூட்டினார்கள், அவ்வளவுதான். ஆனால் 310க்கும் 220க்கும் இடையிலுள்ள 90 பேர் அந்த இரண்டு நாளும் வேறெங்கோ இருந்தவர்கள்.

நிறுவன எண்ணிக்கையில் இதைவிடக் குழப்பம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் என்பது ஒரு சுருக்கத்தில் முழுப் பெயரோடும், இன்னொன்றில் 'யாழ். பல்கலை' என்றும், மூன்றாவதில் மருத்துவ பீடம் என்று மட்டும், நான்காவதில் ஒரு துறையின் பெயரோடும் வரும். கணினியில் பெயர் வாரியாக வரிசைப்படுத்தி எண்ணினால் ஒன்று நான்காகிவிடும். போதனா வைத்தியசாலையில் கடமையாற்றிக்கொண்டு மருத்துவ பீடத்தில் கற்பிக்கும் ஒருவர் இரண்டு நிறுவனங்களையும் போடுவார். தலை ஒன்று, நிறுவனம் இரண்டு. வெளிநாட்டில் பட்டப்பின்படிப்பு முடித்துத் திரும்பியவர் அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரையும் சேர்ப்பார். உடனே மாநாட்டுக்கு ஒரு 'சர்வதேசப் பங்கேற்பு' கிடைத்துவிடும்.

நிர்வாக மாற்றமே எண்ணை மாற்றுவதும் உண்டு. 1972 முதல் 1978 வரை நாட்டில் இருந்தது ஒரே பல்கலைக்கழகம், இலங்கைப் பல்கலைக்கழகம். பேராதனை, கொழும்பு, 1974இல் சேர்ந்த யாழ்ப்பாணம் எல்லாம் அதன் வளாகங்கள். அக்காலத்து மாநாடொன்றை நிறுவன வாரியாக எண்ணினால் எல்லாம் ஒன்றாகிவிடும். 1979 ஜனவரி 1க்குப் பிறகு அதே ஆட்கள் பல நிறுவனத்தவர்கள். 2021 ஓகஸ்ட் 1இல் வவுனியா வளாகம் வவுனியாப் பல்கலைக்கழகம் ஆனபோதும் இதுதான் நடந்தது. அதே விரிவுரையாளர்கள், அதே ஆய்வுகூடங்கள், பட்டியலில் மட்டும் ஒரு வரி கூடியது. ஆகவே 'நிறுவனங்களின் தொகை அதிகரித்திருக்கிறது' என்ற வாசகத்தைக் கண்டால், கூடியது ஆட்களா பெயர்ப்பலகைகளா என்று பார்க்காமல் சந்தோசப்பட என்னால் முடிவதில்லை.

இவையெல்லாம் எழுதுவினைஞர் மட்டத்துக் குறைகள். ஒரு நாள் இருந்து திருத்திவிடலாம். என்னை உண்மையில் அலைக்கழிப்பது அந்தக் கற்பனைக் கணக்கின் கடைசி எண்தான்: கேட்க மட்டும் வந்தவர் 20.

105 பேரும் 35 கட்டுரைகளும்

இந்திய விஞ்ஞான காங்கிரஸின் முதல் கூட்டம் 1914 ஜனவரி 15 முதல் 17 வரை கல்கத்தாவில் ஆசியச் சங்கத்தின் கட்டடத்தில், அசுதோஷ் முகர்ஜி தலைமையில் நடந்தது. வந்தவர்கள் 105 பேர், வாசிக்கப்பட்ட கட்டுரைகள் 35. இந்த இரண்டு எண்களையும் ஒன்றோடொன்று வைத்துப் பாருங்கள். ஒரு கட்டுரைக்கு மூன்று பேர். பேசியவர்களைப்போல் இரண்டு மடங்கினர் கேட்பதற்கென்றே புறப்பட்டு வந்திருக்கிறார்கள் என்று கொள்ளலாம். ரயிலில் நாட்கணக்காகப் பயணம் செய்ய வேண்டியிருந்த காலம் அது.

இலங்கையில் 1944இல் தொடங்கிய சங்கம்தான் இன்று இலங்கை விஞ்ஞான முன்னேற்றச் சங்கமாக இருக்கிறது. மருத்துவம், விவசாயம், பொறியியல், இயற்கை விஞ்ஞானங்கள், சமூக விஞ்ஞானம் என்று பிரிவுகள் வகுத்து ஆண்டுக் கூட்டம் நடத்தும் முறை அங்கிருந்து வந்தது. யாழ்ப்பாண விஞ்ஞானச் சங்கம் 1991இல் பிறந்தது. அந்தப் போர்க்கால வருடத்தை இங்குள்ளவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. மின்சாரம் இல்லை, பெற்றோல் இல்லை, ஆனையிறவுப் பாதை இல்லை. கொழும்புக்குப் போய்க் கட்டுரை வாசிப்பதென்றால் கடலேரியைக் கடந்து போக வேண்டும். போக முடியாதவர்கள் தங்களுக்குள் கூடி ஒருவர் செய்ததை மற்றவர் கேட்பதற்கு ஒரு சபை அமைத்தார்கள் என்பதை யோசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சொல்லின் மீதே மனம் நிற்கிறது: கேட்பதற்கு. அந்த ஆண்டுகளில் ஒரு சுருக்கத்துக்கு யாருக்கு என்ன புள்ளி கிடைத்திருக்கும்? ஒருவருடைய அளவீட்டை இன்னொருவர் கேட்டுக் கேள்வி கேட்பதுதான் அங்கே கிடைத்திருக்கக்கூடிய பலன்.

இன்றைய நிலை வேறு. பதவி உயர்வுக்கான புள்ளித் திட்டத்தில் மாநாட்டுச் சுருக்கத்துக்கு இடம் இருக்கிறது. பட்டப்பின்படிப்பு மாணவர் ஆய்வேட்டைக் கையளிக்க முன்னர் எங்காவது வாசித்திருக்க வேண்டும் என்று பல இடங்களில் எதிர்பார்க்கிறார்கள். இரண்டும் நியாயமான ஏற்பாடுகள்தான். ஆனால் ஓர் அமர்வில் உட்கார்ந்து ஐந்து பேர் பேசியதைக் கேட்டு இரண்டு நல்ல கேள்வி கேட்டவருக்கு எந்தப் படிவத்திலும் ஒரு கட்டம் இல்லை. ஆகவே வருபவர் தன் பேச்சுக்காக வருகிறார். பென்ட்ரைவைக் கொடுக்கிறார், 12 நிமிடம் பேசுகிறார், மூன்று நிமிடக் கேள்வி நேரத்தில் அமர்வுத் தலைவர் மரியாதைக்குக் கேட்கும் ஒரு கேள்விக்கு விடை சொல்கிறார், சான்றிதழை வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போகிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அடுத்த நாள் காலை எட்டு மணிக்கு அவருக்கு விரிவுரை இருக்கும்.

நான்கு அறைகளில் சமாந்தர அமர்வு வைத்தால் விளைவை விரலில் கணக்கிடலாம். பிற்பகலில் கட்டடத்தில் 80 பேர் இருந்தால் அறைக்கு 20. அதில் அந்த அமர்வில் பேசுபவர்கள் ஐந்து, தலைவர் ஒருவர், நேரம் பார்ப்பவர் ஒருவர், மல்ரிமீடியா பார்ப்பவர் ஒருவர். மிச்சம் 12. முதலில் பேசிய இருவர் எழும்பிப் போக, அவர்களோடு வந்த நண்பர்களும் போக, மூன்றேகாலுக்குக் கதிரையில் இருப்பவர்கள் ஆறேழு பேர். கடைசியாகப் பேசும் பிள்ளை, மூன்று வருடம் ஆய்வுகூடத்தில் நின்ற பிள்ளை, அந்த ஆறேழு பேருக்குத்தான் பேசுகிறது. அடுத்த வருடம் அது ஏன் மற்றவர்களின் பேச்சைக் கேட்க இருக்கப்போகிறது?

நைத்திரேற்று அமர்வில் யார் இருக்க வேண்டும்

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு ஆறு கிடையாது; மழைக்கு ஓடி வெயிலுக்கு வற்றும் வழுக்கியாற்றைத் தவிர. குடிப்பதும் இறைப்பதும் சுண்ணக்கல்லுக்குள் மழை சேர்த்து வைத்த நீர். வலிகாமத்தின் வெங்காயத் தறைக்கும் மிளகாய்த் தோட்டத்துக்கும் போடும் யூரியாவின் மிச்சமும், வளவுக்குள் இருக்கும் மலக்குழியின் கசிவும் அந்த நீருக்குள்தான் நைத்திரேற்றாக இறங்குகின்றன. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். போத்தல் பால் குடிக்கும் கைக்குழந்தைகளுக்குத்தான் ஆபத்து அதிகம். குருதி ஒட்சிசனைச் சுமக்கும் வலுவை இழந்து உடல் நீலம் பாரிக்கும். இங்கே விஞ்ஞான மாநாடு கூடினால் நிலத்தடி நீரைப் பற்றி நாலைந்து சுருக்கங்களாவது வருவது இயல்பு. வர வேண்டியதும்தான்.

அவை எங்கே வருகின்றன என்று பாருங்கள். கிணற்று நீரின் இரசாயனம் தூய விஞ்ஞானப் பிரிவில், ஓர் அறையில். உரப் பாவனை விவசாயத்தோடு இன்னோர் அறையில். தாய்மாரின் குடிநீர்ப் பழக்கம் மருத்துவப் பிரிவில், வேறு கட்டடத்தில். நீர்க் கட்டணமும் மக்கள் மனப்பாங்கும் சமூக விஞ்ஞானத்தில். நான்கும் ஒரே நேரத்தில் நடந்தால் ஒருவர் சொன்னது மற்றவர் காதில் விழ வழியில்லை.

இப்போது அறையில் இருந்திருக்க வேண்டியவர்களை நினைத்துப் பார்ப்போம். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்று வீட்டுக்கு வீடு சொல்பவர் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். கிருமிக்கு அது சரியான அறிவுரை. ஆனால் நைத்திரேற்று கொதிக்க வைத்தால் போகாது. நீர் ஆவியாகக் குறையக் குறைய மிச்சமுள்ளதில் அதன் செறிவு சற்றுக் கூடும். இந்த ஒரு விடயம் அவர் காதில் விழுந்தால் கைக்குழந்தை உள்ள வீட்டில் அவர் சொல்லும் வார்த்தை மாறும். யூரியாவை ஒரேயடியாகப் போடாமல் பயிர் எடுக்கும் அளவுக்குப் பிரித்துப் போடச் சொல்லக்கூடியவர் விவசாயப் போதனாசிரியர். வீட்டு வரைபடத்தில் கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையிலான தூரத்தைப் பார்த்து அனுமதிக்கும் இடம் பிரதேச சபை. மாதிரி எடுத்துப் பரிசோதிக்கும் இரசாயனவியலாளர் நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையில் இருக்கிறார். இவர்கள் ஒருவரும் சுருக்கம் எழுதப்போவதில்லை. எழுத வேண்டும் என்றும் இல்லை. அந்த அமர்வுக்குரிய கேட்போர் இவர்கள்தான். 2014இல் சுன்னாகம் கிணறுகளில் எண்ணெய் மிதந்த கதை ஊரெல்லாம் எழுந்தபோது, ஆய்வு செய்பவருக்கும் அலுவலகத்தில் இருப்பவருக்கும் கிணற்றுக்காரருக்கும் ஒரு பொது அறை இல்லாமை எவ்வளவு பெரிய குறை என்பதை எல்லோரும் கண்டோம்.

மாநாட்டுக்கு 'நிறுவனப் பங்கேற்பு' என்று ஒன்று இருக்குமானால் அது இதுதான் என்று நினைக்கிறேன். கைதடிப் பனை ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து ஒருவர் பனங்கள்ளின் நொதித்தல் பற்றிய அமர்வில் இருப்பது. கோப்பாய் கல்வியியற் கல்லூரியிலிருந்து இருவர் விஞ்ஞானக் கல்வி அமர்வில் இருப்பது. உயர்தர இரசாயனம் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர் தன் பழைய மாணவி பேசுவதைக் கேட்க வந்து, தமிழில் கற்பித்த பாடம் ஆங்கிலத்தில் எங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது என்று காண்பது.

அப்படியானால் அவர்கள் ஏன் வருவதில்லை? அக்கறை இல்லை என்று சொல்லி முடிப்பது வழக்கம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

திகதி நீடிக்கப்பட்டுள்ளது

ஒரு பாடசாலை ஆசிரியர் வேலைநாளில் மாநாட்டுக்கு வர என்னென்ன நடக்க வேண்டும் என்று பின்னோக்கி எழுதிப் பார்த்தால் விடை தெரிகிறது. அவருக்குக் கடமை லீவு வேண்டும். அதற்கு அழைப்புக் கடிதம் வேண்டும். கடிதம் அதிபரிடம் போய், அங்கிருந்து வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போய், அனுமதியோடு திரும்பி வர வேண்டும். அவருடைய பாடவேளைகளைப் பார்க்க இன்னொருவர் ஒழுங்காக வேண்டும். குறைந்தது நான்கு கிழமை. பரிசோதகருக்கும் போதனாசிரியருக்கும் அலுவலகம் வேறு, படிகள் அதேதான். அந்தக் கடிதத்தில் எந்த நாள், எந்த நேரம், எந்த அறை, யார் எதைப்பற்றிப் பேசுகிறார் என்று இருந்தால்தான் மேலதிகாரி கையெழுத்து வைப்பார். 'இரண்டு நாள் விஞ்ஞான மாநாடு, அனைவரும் வருக' என்ற பொது அழைப்புக்கு ஓர் அலுவலகம் இரண்டு நாள் ஆளை விடாது, விடவும் முடியாது.

ஆகவே மாநாட்டுக்கு ஆறு கிழமைக்கு முன் நேர அட்டவணை கையில் இருக்க வேண்டும். அதற்கு என்ன தேவை? சுருக்கங்களைச் சரிபார்க்க ஒரு கிழமை, இரண்டு மதிப்பீட்டாளர்களிடம் கொடுத்து வாங்க மூன்று கிழமை, திருத்தங்களுக்கு இரண்டு கிழமை, அட்டவணை அமைக்க ஒரு கிழமை. ஏழு கிழமை. அதற்கு மேல் கடிதம் அச்சடித்துக் கையெழுத்து வாங்க ஒரு கிழமை. ஆக, சுருக்கம் அனுப்புவதற்கான கடைசித் திகதி மாநாட்டுக்கு 14 கிழமைக்கு முன் வர வேண்டும். அந்தத் திகதி அறிவிக்கவும் படுகிறது. பிறகு என்ன நடக்கிறது? கடைசி நாளில் எண்ணினால் சுருக்கங்கள் குறைவு. குழு கூடி இரண்டு கிழமை நீடிக்கிறது. அதன் முடிவில் இன்னும் இரண்டு கிழமை. சுருக்கங்கள் 35இலிருந்து 60 ஆகின்றன, எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் ஒருவரும் மாநாட்டுத் திகதியைத் தள்ளிவைப்பதில்லை; மண்டபம் முற்பதிவு செய்தாயிற்று, பிரதம விருந்தினர் இணங்கிவிட்டார். நான்கு கிழமையும் மற்றப் பக்கத்திலிருந்துதான் வெட்டப்படுகின்றன. மதிப்பீட்டாளர் ஒருவர் இரண்டு கிழமை பிந்தினாலும் போதும், அட்டவணை மாநாட்டுக்கு முந்திய கிழமைதான் வெளிவரும்.

இதைத் தாளில் எழுதிப் பார்த்த பிறகுதான் என் கருத்து மாறியது. பேசுவோரின் தொகையைக் கூட்டுவதற்காகச் செய்யும் நீடிப்பே கேட்போரின் தொகையை இல்லாமற் செய்கிறது. பேசுபவருக்கு அட்டவணை பிந்தினாலும் பரவாயில்லை. அவர் பெயர் புத்தகத்தில் வந்தாயிற்று, அவர் எப்படியும் வருவார். கேட்க வருபவருக்கு அட்டவணைதான் அழைப்பு. அது பிந்தினால் அவர் அழைக்கப்படவே இல்லை. 'திகதி நீடிக்கப்பட்டுள்ளது' என்று வட்ஸ்அப்பில் வரும் ஒவ்வொரு சுவரொட்டியும் நீர்வேலியிலோ சாவகச்சேரியிலோ இருக்கும் ஓர் ஆசிரியரின் லீவு விண்ணப்பத்தைக் கிழித்துப் போடுகிறது. அந்த ஆசிரியருக்கு அக்கறை இல்லை என்று பிறகு நாம் சொல்கிறோம்.

நீடிக்காமல் விட்டால் சுருக்கங்கள் குறைந்துவிடுமே என்பது நியாயமான பயம். முதல் வருடம் குறையும். 60க்குப் பதில் 35 வரும். 35 வந்தால் நான்கு அறை தேவையில்லை, இரண்டு போதும். 80 பேர் இரண்டு அறையில் இருந்தால் அறைக்கு 40. பிந்தி அனுப்பியவர்கள் அடுத்த வருடம் நேரத்துக்கு அனுப்புவார்கள். நீடிப்பார்கள் என்று தெரிந்திருப்பதால்தான் இன்று பிந்துகிறார்கள்.

எண்ணுவதற்கு ஒரு அரைத்தாள்

எண்ணும் முறையை மாற்றாமல் குழுவின் மனம் மாறாது என்றும் நினைக்கிறேன். அறிக்கையில் எந்த எண் கேட்கப்படுகிறதோ அதை வளர்க்கத்தான் ஆட்கள் பாடுபடுவார்கள். ஆகவே எண்ணும் விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

பதிவுப் படிவத்தில் நிறுவனத்தின் பெயரைக் கையால் எழுத விடக்கூடாது. முன்கூட்டியே ஒரு பட்டியல் தயாரித்து அதிலிருந்து தெரிவு செய்ய வைக்க வேண்டும். தாய் நிறுவனம் ஒரு நிரலில், பீடம் அல்லது கிளை அலுவலகம் அடுத்த நிரலில். இரண்டு இடங்களில் கடமையாற்றுபவர் சம்பளம் வாங்கும் இடத்தை முதலாவதாகப் போட வேண்டும். எண்ணிக்கைக்கு அது மட்டும். பட்டியலில் இல்லாதவர் 'வேறு' என்று குறித்தால் அன்றிரவே ஒருவர் பார்த்துப் பட்டியலில் சேர்க்க வேண்டும், பிறகு பார்க்கலாம் என்று விட்டால் அந்த 'வேறு' கடைசியில் நாற்பது வரியாகி யாரும் தொடமாட்டார்கள். அடுத்த நிரலில் ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு வகை: பேசுபவர், நேரில் வந்த கூட்டு ஆசிரியர், கேட்க வந்தவர், விருந்தினர், குழு, தொண்டர். பேசிவிட்டு இருந்து கேட்பவரும் 'பேசுபவர்'தான். இல்லாவிட்டால் ஒரே ஆள் இரண்டு முறை எண்ணப்படுவார். கழுத்தில் தொங்கும் அட்டைக்குத் தொடர் இலக்கம் இருக்கட்டும், இரண்டாம் நாள் வரவுத் தாளில் பெயர் எழுதாமல் அந்த இலக்கத்தை மட்டும் குறித்தால் இரட்டிப்புத் தானாகவே விலகும்.

இதைவிட முக்கியமானது அறைக்குள் எண்ணுவது. தொடக்கவிழாவின் கையொப்பத் தாள் விருந்தினரைத்தான் எண்ணுகிறது. அவர்களில் பலர் தேநீர், றோல்ஸ் முடிய வாகனம் ஏறிவிடுவார்கள். மதியச் சாப்பாட்டுப் பாசலின் கணக்கு ஓரளவு உண்மைக்கு அருகில் வரும், ஆனால் சாரதிகளும் மின்சாரம் பார்ப்பவர்களும் அதற்குள் இருப்பார்கள். ஆகவே ஒவ்வோர் அறைக்கும் ஒரு அரைத்தாள். நேரம் பார்க்கும் தொண்டரே போதும். ஐந்து பேச்சுள்ள அமர்வென்றால் முதலாவது, மூன்றாவது, ஐந்தாவது பேச்சு தொடங்கி ஐந்து நிமிடத்தில் தலைகளை எண்ணிக் குறிக்க வேண்டும். தலைவர், தொண்டர்கள், அந்த அமர்வில் பேசுபவர்கள் ஆகியோரை விட்டு. வராத பேச்சாளரின் பெயருக்கு நேரே ஒரு கோடு. கேள்வி கேட்டவர்களின் அட்டை இலக்கம், முடிந்தால். அமர்வு முடிந்ததும் தாள் பதிவு மேசைக்குப் போக வேண்டும்; பையில் வைத்த தாள் திரும்பி வராது. முதலாவது எண்ணுக்கும் ஐந்தாவது எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்தால் அந்த மாநாட்டைப் பற்றி ஆண்டறிக்கை சொல்லாததெல்லாம் தெரியும்.

சான்றிதழை அமர்வின் முடிவில் கொடுத்தால் எல்லோரும் இருப்பார்களே என்று ஒரு யோசனை அடிக்கடி வரும். செய்து பார்க்கலாம், எனக்கு அதில் மனமில்லை. அடைத்து வைத்த ஆள் கேட்போர் அல்ல. அதைவிடப் பிரிவுகளைக் கலைத்துப் பிரச்சினை வாரியாக அமர்வு அமைப்பது நல்லது. நீர் என்று ஓர் அமர்வு: இரசாயனவியலாளரும் வைத்தியரும் விவசாய ஆய்வாளரும் ஒரே அறையில். தன் பேச்சு முடிந்த பிறகும் இருப்பதற்கு அவரவருக்குக் காரணம் கிடைக்கும்.

யார் காசு கட்டுகிறார்

இன்னொரு விடயத்தையும் சொல்லாமல் விட முடியாது. பேசுபவரின் பதிவுக் கட்டணத்தைப் பெரும்பாலும் அவருடைய நிறுவனமோ ஆய்வு நிதியோ கொடுக்கும். கேட்க வருபவர் தன் கையிலிருந்து கட்டுவார். அந்தக் கட்டணத்தில் துணிப்பை, கோப்பு, பேனா, அச்சடித்த சுருக்கப் புத்தகம், இரண்டு தேநீர், ஒரு சாப்பாடு எல்லாம் அடங்கும். கேட்க வருபவருக்குப் பை வேண்டாம். சுருக்கங்களைத் தொலைபேசியில் வாசிக்கலாம். தேநீரை எல்லோருக்கும் பொதுவாக்கி, சாப்பாட்டுப் பாசல் வேண்டியவருக்கு மட்டும் அதற்குரிய காசை வாங்கினால் கேட்போரிடம் கட்டணமே வாங்கத் தேவையில்லை.

தூரத்தையும் காசாகத்தான் பார்க்க வேண்டும். கொழும்பிலிருந்து இங்கே ஏறத்தாழ 400 கிலோமீற்றர். 2014 ஒக்ரோபரில் ரயில் மறுபடி யாழ்ப்பாண நிலையத்துக்கு வந்த பிறகு பயணம் இலகுவாகியிருக்கிறது, ஆனாலும் ஒரு நாள் மாநாட்டுக்கு இரண்டு இரவு வேண்டும். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளில் வைத்தால் தங்க இடம் கிடையாது. நவம்பர், டிசம்பரில் வைத்தால் மாரி மழை. ஆனால் எல்லோரும் மறந்துபோகும் தூரம் உள்ளூரில் இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழினுட்ப பீடங்கள் கிளிநொச்சி அறிவியல் நகரில். திருநெல்வேலியிலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீற்றர். பட்டியலில் அது ஒரே நிறுவனம். பஸ்ஸில் வரும் மாணவருக்குப் போக வர அரைநாள். காலை ஆறரைக்கு அங்கிருந்து ஒரு பஸ்ஸும் மாலை ஐந்துக்குத் திரும்ப ஒரு பஸ்ஸும் ஒழுங்கு செய்தால் மூன்றேகாலுக்கு அறையில் இருக்கும் தலைகள் எத்தனையால் கூடும் என்பதை அந்த அரைத்தாளே காட்டிவிடும். துணிப்பைக்கு ஒதுக்கும் காசை அந்த பஸ்ஸுக்குக் கொடுக்கலாம்.

மொழி பற்றி ஒரு வரி. சுருக்கம் ஆங்கிலத்தில் இருக்கட்டும். ஒவ்வொரு பேச்சுக்கும் ஐந்து வரித் தமிழ்ச் சுருக்கம் ஒன்றைக் கேட்டு வாங்கி அழைப்புக் கடிதத்தோடு அனுப்பினால், பரிசோதகரும் ஆசிரியரும் தங்களுக்கு அதில் என்ன இருக்கிறது என்று பார்த்துத் தீர்மானிப்பார்கள். அதை எழுதும் மாணவருக்கும் தன் ஆய்வைத் தன் தாய்க்குச் சொல்லும் பழக்கம் வரும்.

மாநாடு பெப்ரவரி மூன்றாம் கிழமையில் ஒரு வெள்ளிக்கிழமை என்று வைத்துக்கொள்வோம். மழை ஓய்ந்திருக்கும், காலபோக அறுவடை முடிந்துகொண்டிருக்கும், போதனாசிரியருக்கு மூச்சு விட நேரம் இருக்கும். 14 கிழமை பின்னால் எண்ணினால் சுருக்கங்களின் கடைசித் திகதி நவம்பர் நடுப்பகுதி. அந்த நாள் மாலை ஐந்து மணிக்கு இணையப் படிவத்தை மூட வேண்டும். கடிதங்கள் ஜனவரி இரண்டாம் கிழமைக்குள், பொங்கலுக்கு முன், தபாலில் சேர வேண்டும். பணிப்பாளருக்குப் பொதுவாக ஒன்று எழுதிவிட்டு விடக்கூடாது. "உங்கள் ஆய்வுகூடத்தின் இரசாயனவியலாளர் ஒருவரை வெள்ளிக்கிழமை பிற்பகல் 1.30 முதல் 3.30 வரை நடக்கும் நீர் அமர்வுக்கு அனுப்பி உதவுங்கள், ஐந்து பேச்சுகளின் தலைப்பும் தமிழ்ச் சுருக்கமும் இத்துடன் உள்ளன, கட்டணம் இல்லை" என்று எழுதி, இரண்டு கிழமை கழித்து ஒருவர் தொலைபேசியில் கேட்க வேண்டும், யார் வருகிறார் என்று. அந்தப் பெயரை அட்டையில் அச்சடித்து வைக்க வேண்டும், வந்து நிற்கும்போது தேட விடாமல்.